பொடித்துப் பாலில் கலக்க வேண்டாம்: வீட்டில் பூனைக்கும் நாய்க்கும் மருந்து கொடுப்பது எப்படி

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பூனைக்குச் சளியும் கண்ணில் நீர்வடிதலும். டாக்டர் இரண்டு வாரத்துக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் எப்படியோ வாயில் தள்ளிவிட்டீர்கள். மூன்றாம் நாள் நுரை நுரையாகத் துப்பிவிட்டது. இப்போது நீங்கள் பக்கத்தில் வந்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்கலாமா, உடம்பு சுடுவதுபோல் இருப்பதால் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் கொஞ்சம் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். வீட்டு நாய்க்குக் காதில் சொட்டு மருந்து விடுவதும் சிரமமாக இருக்கிறது என்கிறீர்கள்.

முதலில் பாராசிட்டமால். பூனைக்கு அது ஒரு சொட்டுகூட வேண்டாம். அந்த மருந்தைப் பாதிப்பில்லாமல் மாற்றி வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நம் உடம்பு சில மணி நேரத்தில் கழித்துவிடுகிற மருந்து பூனையிடம் நச்சாகித் தங்கி, ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத நிலைக்குப் போய்விடும். ஈறு இளஞ்சிவப்பு மாறிப் பழுப்பாகும், அல்லது நீலம் பாயும். மூச்சு வாங்கும். முகமும் பாதங்களும் வீங்கும். பெரியவர்கள் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், அறிகுறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இப்போதே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. சீக்கிரம் போனால்தான் அதற்குப் பலன்.

உடம்பு சுடுகிறது என்றீர்கள். பூனைக்கும் நாய்க்கும் இயல்பான வெப்பநிலையே ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். நம் கைக்கு அவை எப்போதுமே சூடாகத்தான் தெரியும். தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. மூக்கு காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்பதும் கணக்கில் வராது. தெர்மாமீட்டர் வைத்து 103-க்கு மேல் காட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு என்ன கொடுப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். டாக்ஸிசைக்ளினைப் பொடிக்கவும் வேண்டாம், பாலில் கலக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. பாலிலும் பால் பொருள்களிலும் இருக்கும் கால்சியம் இந்த வகை மருந்துகளோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது. மாத்திரை உள்ளே போயிருக்கும், ஆனால் போக வேண்டிய அளவு ரத்தத்தில் சேர்ந்திருக்காது. இதே குடும்பத்து மருந்தான டெட்ராசைக்ளினில் இது மிக அதிகம், டாக்ஸிசைக்ளினில் அதைவிடக் குறைவு. இருந்தாலும் தவிர்ப்பதே சரி. என்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்கும் இதே பேச்சுதான்.

பொடிப்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. டாக்ஸிசைக்ளினின் பரவலான வடிவம் அமிலத்தன்மை உள்ளது. வாயிலும் தொண்டையிலும் படிந்தால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். பூனைகளிடம் இது சும்மா ஒரு எச்சரிக்கை அல்ல. பூனை தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை வயிற்றுக்குப் போகாமல் உணவுக்குழாயிலேயே ஐந்து நிமிடத்துக்கு மேல்கூடத் தங்கிவிடும். விழுங்கிவிட்டதென்று நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள், மாத்திரை வழியிலேயே உட்கார்ந்து கரைந்துகொண்டிருக்கும். அங்கே புண் வந்து, புண் ஆறும்போது தழும்பு இறுகி, உணவுக்குழாயே சுருங்கிப் போன பூனைகள் உண்டு. சளிக்கு வைத்தியம் பார்க்கப் போய், சாப்பிட்டதெல்லாம் திரும்பி வருகிற நிலைமைக்கு அது போய்விடும். கிளிண்டமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் இப்படிச் செய்யக்கூடியது.

அதனால் இந்தப் பதில் முழுவதிலும் ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வதானால், அது இதுவாக இருக்கட்டும்: பூனைக்கு எந்த மாத்திரை கொடுத்தாலும் உடனே 5 அல்லது 6 மில்லி தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுங்கள். தண்ணீரை அது ஏற்கவே ஏற்காதென்றால், அது ஆசையாகச் சாப்பிடும் ஈரமான உணவு ஒரு கவளமாவது மாத்திரைக்குப் பின்னால் உள்ளே போக வேண்டும். வெறும் வயிற்றில் டாக்ஸிசைக்ளின் குமட்டலும் தரும் என்பதால், பால் கலக்காத உணவோடு கொடுப்பது எப்படியும் நல்லது.

இந்த ஒரு மருந்துக்காக இன்னொன்றும் சொல்கிறேன். நாளைக்கே டாக்டரைக் கூப்பிட்டு, இதே மருந்து திரவமாகக் கிடைக்குமா, அல்லது தொண்டையை இவ்வளவு எரிக்காத மோனோஹைட்ரேட் வடிவில் கிடைக்குமா என்று கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. சீட்டில் எழுதிவிட்டால் அதுதான் முடிவென்று நினைத்துக்கொண்டு வீட்டில் தினமும் போராடுகிறார்கள். டாக்டருக்கு உங்கள் பூனையின் நோய் தெரியும். அது வீட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்பது நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

இனி கொடுக்கும் முறை. பூனைக்கு மாத்திரை கொடுப்பதில் கைப்பலத்துக்கு வேலையே இல்லை. எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு திமிறும். எல்லாவற்றையும் முதலில் தயார் செய்துகொள்ளுங்கள்: மாத்திரை, தண்ணீர் நிரப்பிய சிரிஞ்ச், ஒரு துண்டு, முடிந்ததும் கொடுக்க அதற்குப் பிடித்த ஏதாவது. பூனையைத் தூக்கிய பிறகு சிரிஞ்சைத் தேடி ஓடினால் அந்த வேளை கெட்டுவிடும். மேசை அல்லது கட்டிலின் மேல், வழுக்காத துணி விரித்து உட்கார வையுங்கள். முகம் உங்களைப் பார்த்து இருக்கக் கூடாது. பின்பக்கம் உங்கள் வயிற்றில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்போது அதற்குப் பின்னால் நகர இடம் இருக்காது. பூனைகள் பெரும்பாலும் பின்வாங்கித்தான் தப்பிக்கும். நகம் போடுகிற பூனையானால் துண்டைக் கழுத்தைச் சுற்றி, முன்னங்கால்கள் உள்ளே வரும்படி சுற்றிக்கொள்ளுங்கள். தலை மட்டும் வெளியே.

நீங்கள் வலது கைப் பழக்கம் உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். இடது கையை மேலிருந்து கொண்டுபோய்த் தலையைப் பற்றுங்கள். கட்டைவிரல் ஒரு கன்ன எலும்பில், நடுவிரல் மறு கன்ன எலும்பில். தொண்டையைப் பிடிக்காதீர்கள், மீசையை நசுக்காதீர்கள். மூக்கு மேலே பார்க்கும்படி மெதுவாகச் சாய்த்தால் கீழ்த்தாடை தானாகவே கொஞ்சம் தளரும். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாத்திரை. அதே கையின் நடுவிரலைக் கீழ்த்தாடை முன்பக்கத்தில், கோரைப்பற்களுக்கு நடுவே இருக்கும் சிறிய பற்களின் மேல் வைத்துக் கீழே அழுத்துங்கள். வாய் திறக்கும். உள்ளே நாக்கின் பின்பகுதி ஒரு மேடாகத் தெரியும். மாத்திரை அந்த மேட்டுக்கு அப்பால், நட்டநடுவில் விழ வேண்டும். மேட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் நாக்கு அதை வெளியே தள்ளிவிடும். ஓரத்தில் விழுந்தால் கடைவாயில் மென்று கசப்பைக் கண்டுபிடித்துவிடும். நீங்கள் பார்த்த நுரை அப்படித்தான் வந்தது. நுரையைக் கண்டு பயப்பட வேண்டாம், அது விஷமோ வலிப்போ அல்ல. கசப்பு நாக்கில் பட்டால் பூனைக்கு எச்சில் அப்படித்தான் பொங்கும். மிகவும் கசக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைக் கொடுத்தவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரியும்.

மாத்திரை விழுந்ததும் வாயை மூடி, தலையை இயல்பான நிலைக்கு இறக்கிவிடுங்கள். அண்ணாந்தபடியே வைத்திருந்தால் விழுங்குவது கஷ்டம். தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவிக் கொடுங்கள், அல்லது மூக்கின் மேல் லேசாக ஊதுங்கள். நாக்கை நீட்டி மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே தண்ணீர். அப்புறம் பிடித்த தீனி. இரண்டு முறை முயன்றும் நடக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். மூன்றாவது, நான்காவது முயற்சியில் ஒருவேளை மாத்திரை உள்ளே போகலாம். ஆனால் அடுத்த வேளைக்குப் பூனை உங்கள் கைக்குக் கிடைக்காது. பதினான்கு நாள் மருந்து என்றால் ஒவ்வொரு வேளையையும் அடுத்த வேளையை நினைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

விரலை வாய்க்குள் விடத் தயக்கமாக இருந்தால், மாத்திரையை உள்ளே செலுத்த, நுனியில் ரப்பர் பிடியுள்ள கருவி ஒன்று கிடைக்கிறது. பார்க்க நீளமான சிரிஞ்ச் மாதிரி இருக்கும். மாத்திரையை நுனியில் செருகி, நாக்கின் மேட்டைத் தாண்டியதும் அழுத்திவிடலாம். கடிக்கிற பூனைக்கு அது உங்கள் விரலைக் காப்பாற்றும். ஆனால் தொண்டையில் குத்திவிடக் கூடாது. கசப்பு மாத்திரைகளைக் காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலுக்குள் போட்டுக் கொடுப்பதும் நல்ல வழி. நாக்குக்கு ருசியே தெரியாது. கேப்ஸ்யூல் ஈரம் பட்டதும் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது என்பதால், பின்னால் தண்ணீர் கொடுப்பது அங்கே இன்னும் முக்கியம்.

இப்போது கட்டிலுக்கடியில் இருக்கும் உங்கள் பூனை. அதைக் காலைப் பிடித்து வெளியே இழுக்காதீர்கள். அது பாதுகாப்பு என்று நம்பும் இடத்தில் மருந்து வேலையே நடக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்ததும் மாத்திரையைத் திணித்தால், பிறகு பெயருக்கே பயப்படும். மருந்து வேளைக்கு அரை மணி முன்பே படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, சின்ன அறை ஒன்றில் அது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாளில் வேறு நேரங்களில், மருந்து எதுவும் இல்லாமல், அதே மேசையில் அதே துணியில் உட்கார வைத்துக் கன்னத்தைத் தடவி, தீனி கொடுத்து இறக்கிவிடுங்கள். காலி சிரிஞ்சில் அதற்குப் பிடித்த இறைச்சிச் சாறு கொஞ்சம் வைத்து நக்கக் கொடுங்கள். சிரிஞ்ச் தெரிந்தாலே ஓடாமல் நிற்கும் நாள் வந்துவிடும். தூக்கியபோதெல்லாம் மருந்து என்ற கணக்கு அதன் மனதில் உடைய வேண்டும்.

தினமும் சாப்பிடும் தட்டில் மருந்தைக் கலந்து வைக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் இதுதான் காரணம். பூனை ஒருமுறை கசப்பைக் கண்டுபிடித்தால் அந்த உணவையே வெறுத்துவிடும். சளி பிடித்த பூனைக்கு மோப்பம் தெரியாததால் ஏற்கெனவே பசி குறைந்திருக்கும். அது சில நாள் சாப்பிடாமலேயே இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும், பருத்த பூனைகளுக்கு இன்னும் அதிகமாக. உணவைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி வையுங்கள், வாசனை எழும்பினால் சாப்பிடும். ஒரு நாள் முழுக்க எதுவும் தொடவில்லையென்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

திரவ மருந்து கிடைத்துவிட்டால் வேலை எளிது, ஆனால் முறை வேறு. மாத்திரைக்குத் தலையைச் சாய்த்தோம். திரவத்துக்குச் சாய்க்கவே கூடாது. அண்ணாந்த வாயில் ஊற்றினால் புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். அது நிமோனியா வரை கொண்டுபோகும். தலை நேராக இருக்கட்டும். கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருக்கும். சிரிஞ்சின் நுனியை அதன் வழியாகக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே வைத்து, அரை மில்லி அரை மில்லியாக அழுத்துங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ விடுங்கள். மாத்திரைக்குப் பின்னால் கொடுக்கும் தண்ணீரும் இப்படித்தான். மலச்சிக்கலுக்கென்று சிலர் பூனைக்கு லிக்விட் பாரஃபினை வாயில் ஊற்றுகிறார்கள், அதை எப்போதும் செய்யாதீர்கள். அதற்கு ருசியும் இல்லை, தொண்டையை உறுத்துவதும் இல்லை. அதனால் மூச்சுக்குழாய்க்குள் போனால்கூட விலங்கு இருமாது, உங்களுக்கும் தெரியாது.

நாய்க்கு மாத்திரை கொடுப்பது பெரும்பாலும் இவ்வளவு பாடில்லை. அது மெல்லாமல் விழுங்கும் பிராணி, அந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே அளவில் மூன்று சின்ன இறைச்சி உருண்டைகள் பிடியுங்கள். நடுவில் கொடுக்கப்போவதில் மட்டும் மாத்திரை. முதல் உருண்டை வெறும் உருண்டை, நாய்க்கு நம்பிக்கை வரும். இரண்டாவதைக் கொடுக்கும்போதே மூன்றாவதைக் கண்ணுக்கு நேராகக் காட்டிக்கொண்டிருங்கள். அடுத்ததைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். மாத்திரை தொட்ட கையால் உருண்டையின் வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள். கசப்பு வெளியே ஒட்டினால் நாய் மோப்பத்திலேயே கண்டுகொள்ளும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் மற்றதைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிட்டுச் செய்தால் வேகம் கூடும், ஆனால் உருண்டையை எது விழுங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதில் மறைப்பது என்பதில் ஒரே ஒரு கடுமையான எச்சரிக்கை. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த எதையும் நாயின் பக்கமே கொண்டுவராதீர்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில வேர்க்கடலை வெண்ணெய் வகைகள், மனிதர்களுக்கான சில சிரப்கள் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். நாயின் உடம்பு அதைச் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டும். ரத்தச் சர்க்கரை சட்டென்று விழுந்து வலிப்பு வரும். கல்லீரலும் செயலிழக்கலாம்.

எல்லா மாத்திரைகளையும் உடைக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குடலில்தான் கரைய வேண்டும் என்று மேற்பூச்சு பூசியவை, மெதுவாகக் கரையும்படி செய்தவை, ஒமெப்ரசோல் குருணை அடைத்த கேப்ஸ்யூல், இவற்றைப் பொடித்தால் மருந்தின் வேலையே கெட்டுவிடும். புற்றுநோய்க்கான மாத்திரைகளை உடைக்கவே கூடாது, கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. அந்தத் தூள் உங்களுக்கும் கெடுதல்.

நாயின் காது. நம் காதுத் துளை ஏறக்குறைய நேராக உள்ளே போகும். நாயின் காதில் அது முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்பும். மேலே நாலு சொட்டு விட்டுவிட்டால் மருந்து அந்த வளைவைத் தாண்டாது, நாய் ஒரு உதறு உதறினால் சுவரில்தான் இருக்கும். அதனால் காது மடலை மேல்நோக்கித் தூக்கிப் பிடியுங்கள், குழாய் கொஞ்சம் நேராகும். எழுதிக் கொடுத்த அளவைத் துளைக்குள் விட்டு, மடலை விடாமலேயே காதின் அடிப்பகுதியை, தாடைக்கு மேலே குருத்தெலும்பு உருளையாகத் தட்டுப்படும் இடத்தை, அரை நிமிடமாவது பிசைந்துவிடுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்டால் மருந்து கீழே இறங்கிவிட்டது. அந்தப் பிசைதல் பல நாய்களுக்குப் பிடிக்கும், காதை உங்கள் கைக்குள் சாய்த்துக்கொள்ளும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த நாயுடன் சமாதானம் ஆவதும் அந்த இடத்தில்தான். பிறகு விட்டுவிடுங்கள், உதறட்டும்.

பாட்டிலைக் குளிர்ச்சியாக எடுத்து விடாதீர்கள். குளிர்ந்த சொட்டு காதுக்குள் விழுந்தால் எந்த விலங்கும் துள்ளிக் குதிக்கும். சில நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் போதும். அழுக்கு நிறைய இருந்தால் முதலில் டாக்டர் கொடுத்த சுத்தம் செய்யும் திரவத்தை விட்டுத் துடைத்து, பத்து நிமிடம் கழித்து மருந்து. காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். மருந்து விட்ட பிறகு நாய் தலையைச் சாய்த்துக்கொண்டே நடந்தாலோ, தள்ளாடினாலோ, கூப்பிட்டால் கேட்காததுபோல் இருந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் உள்காதைப் பாதிக்கும். போன தடவை மிச்சமான காது மருந்தை டாக்டர் பார்க்காமல் விடக் கூடாது என்பதும் இதனால்தான்.

கண் மருந்தும் கேட்டிருக்கலாம், உங்கள் பூனைக்கு அதையும் தந்திருந்தால். பின்னாலிருந்து, நெற்றிக்கு மேலாக பாட்டிலைக் கொண்டுவாருங்கள், அது வருவதே பூனைக்குத் தெரியக் கூடாது. நுனி கண்ணில் படக் கூடாது. இரண்டு சொட்டு மருந்துகள் இருந்தால் ஐந்து நிமிடமாவது இடைவெளி. களிம்பும் இருந்தால் அது கடைசி. ஸ்டீராய்டு கலந்த பழைய கண் மருந்தை எடுத்துவிடாதீர்கள். கருவிழியில் புண் இருக்கும்போது அதை விட்டால் கண்ணே போய்விடலாம்.

பூனையும் நாயும் ஒரே வீட்டில் என்பதால் இதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் நாயின் பிடரியில் விடும் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது பாதகமில்லை, பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகும். நாய் மருந்தில் கொஞ்சமாகப் பூனைக்கு விட்டுப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம். மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்து, அதை நக்கிக் கொடுத்த பூனைகளுக்கும் ஆபத்து வந்திருக்கிறது. பூனை இருக்கும் வீட்டுக்குப் பெர்மெத்ரின் இல்லாத மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பூனைத் தோலில் தடவுவது எதுவும் கடைசியில் அதன் வயிற்றுக்குள்தான் போகும், நாள் முழுக்க உடம்பை நக்கிக்கொள்ளும் பிராணி அது. முடி வளர்வதற்கான மினாக்சிடிலும் பூனைக்கு நஞ்சு; அதை நீங்கள் தலையில் தடவிக்கொள்பவராக இருந்தால் உங்கள் தலையணையில்கூடப் பூனையைப் படுக்க விடாதீர்கள்.

இபுப்ரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக் போன்ற மனித வலி மாத்திரைகளும் இரண்டுக்குமே ஆகாது. வயிற்றில் புண், சிறுநீரகச் செயலிழப்பு இரண்டும் வரும். கால்நடை மருத்துவர்களே எழுதும் மெலாக்சிகம், கார்ப்ரோஃபென் போன்றவைகூட அளவு பிசகினால் அதே பாதிப்பைத் தரும். உணவோடு கொடுக்க வேண்டும், ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கொடுக்கும் நாட்களில் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ வாந்தி வந்தாலோ அடுத்த வேளையைக் கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

அளவு விஷயத்தில் வீடுகளில் நடக்கும் தவறு பெரும்பாலும் மில்லிகிராமையும் மில்லியையும் குழப்பிக்கொள்வதில்தான். பாட்டிலில் 5 மில்லிக்கு 50 மில்லிகிராம் என்றிருந்தால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். டாக்டர் 5 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னால் அது அரை மில்லி. 5 மில்லி கொடுத்துவிட்டால் பத்து மடங்கு. சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று டாக்டரிடமே பேனாவால் குறித்து வாங்கிவிடுங்கள். மருந்தின் பெயர் அதேதான் என்று வேறு பாட்டிலை வாங்கினால் செறிவு வேறாக இருக்கலாம், கோடு அப்போது செல்லாது. எடை தெரியாவிட்டால், பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய் உள்ள விலங்கை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்சுலினில் மில்லிக்கு 40 யூனிட் உள்ளது, 100 யூனிட் உள்ளது என்று இரண்டு உண்டு, சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு. 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் 4 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே இருப்பது 10 யூனிட். பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை புதிதாக வாங்கும்போதும் பாருங்கள். விலங்கு சாப்பிடவில்லையென்றால் டாக்டரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள்.

ஒரு வேளை தவறிவிட்டால் பெரும்பாலான மருந்துகளுக்கு, நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் தவறியதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்குப் போய்விடலாம். எந்த நிலையிலும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்த சில நிமிடத்தில் வாந்தி எடுத்தால், வாந்தியில் மாத்திரை முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகவே திரும்பக் கொடுக்காதீர்கள். பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டையும் வலிப்புக்கான பீனோபார்பிட்டாலையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வீட்டில் இருவர் மருந்து கொடுப்பதாக இருந்தால் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்தவுடன் நேரத்தைக் குறித்துவிடுங்கள். அவர் கொடுத்திருப்பார் என்று இவரும், இவர் கொடுத்திருப்பார் என்று அவரும் நினைப்பதும், இருவருமே கொடுத்துவிடுவதும் எல்லா வீடுகளிலும் நடக்கிறது.

தவறான மருந்து உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். உப்பே தனி விஷமாகிவிடும். மருந்துப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, விலங்கின் எடை என்ன, இந்த நான்கும் தெரிந்தால் டாக்டர் உடனே வேலையைத் தொடங்க முடியும். மருந்து கொடுத்த பிறகு முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, ஈறு வெளிறினாலோ, நடுக்கம் வந்தாலோ இதே அவசரம்தான். உங்கள் பூனையிடம் குறிப்பாக இன்னொன்றையும் கவனியுங்கள்: அடுத்த சில வாரங்களுக்குள் சாப்பிட்டதும் உணவு அப்படியே திரும்பி வருவது, விழுங்கும்போது கழுத்தை நீட்டி வலிப்பதுபோல் செய்வது, எச்சில் ஒழுகுவது. தொண்டைக்குக் கீழே புண் வந்திருப்பதன் அடையாளங்கள் அவை. முதல் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் கொடுத்தீர்கள் என்பதையும் அப்போது டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் மாத்திரை உள்ளே போகவில்லையென்றால், மருந்துப் பட்டை தீரும் நாள்வரை காத்திருந்து சொல்லாதீர்கள். இப்போது நான்காம் நாள்தான் ஆகிறது. நாளை காலையிலேயே கூப்பிட்டு, இதுவரை எத்தனை வேளை உண்மையில் உள்ளே போனது, எத்தனை துப்பப்பட்டது என்று சொன்னால், திரவத்துக்கு மாற்றுவதா, வேறு மருந்தா, தினம் ஒருமுறை மருத்துவமனைக்கே கொண்டுவந்து கொடுத்துப் போவதா என்று முடிவு செய்ய அவருக்கு இன்னும் பத்து நாள் கையில் இருக்கும்.